மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரு சட்டி பாஸ்தாவும்

ஜனவரி 20, செவ்வாய்

இடது கையில் மாவுக்கட்டு. வலது கை நன்றாக இருப்பதால் எழுத முடிகிறது. அது ஒன்றுதான் முடிகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, வெங்காயம் உரிக்க முடியவில்லை, பற்பசை மூடி திறக்க முடியவில்லை. ஆயுசு பூராவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓடவும் தாண்டவும் சொல்லிக்கொடுத்த பி.டி. வாத்தியார் ஞானராஜ், காய்கறி மார்க்கெட் முன்னால் முட்டைக்கோஸ் இலையில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தேன். விழும்போது கையை ஊன்றாதே, உருண்டுவிடு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! கையைத்தான் ஊன்றினேன்.

"தனியா எப்பிடிப்பா சமாளிப்பீங்க?" என்று மகள் ஜெஸ்ஸி என் நாகல் நகர் வீட்டைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, என்னை இதே ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். வந்த சூட்டிலேயே பேங்க்கில் அவளை ஆறு வாரப் பயிற்சிக்கு ஹைதராபாத் அனுப்பிவிட்டார்கள். ஆக, இந்த ஆர்.எம். காலனி மாடி வீட்டில் இப்போது நானும் அந்தப் பையனும்.

அந்தப் பையன் – ஆனந்த்ராஜ். என் மகளைக் கட்டியவன். சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனியில் வேலை. தோப்பு தோப்பாகப் போய்க் குழாய் பதித்துவிட்டு இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்புகிறான். இருவரும் காதலித்து ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அவர்கள் தொப்பம்பட்டிப் பக்கம் முருங்கைத் தோட்டக்காரர்கள், பழனி முருகன் குடும்பம். நானும் போகவில்லை, அவன் வீட்டிலும் யாரும் போகவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் நானும் அவனும் பேசிய பேச்சை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம், விலாசத்துக்கும் இடம் விட்டு.

ஏழரைக்கு ஓட்டலில் இருந்து இட்லி வாங்கி வந்தான். "சாப்புடுங்க மாமா" என்றான். சாப்பிட்டேன்.

ஜனவரி 21, புதன்

மறுபடியும் இட்லி.

ஜனவரி 22, வியாழன்

இன்று பையன் வந்ததும் கைகால் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனான். ஒரு பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, உப்பை அள்ளிப் போட்டு, ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினான். வெள்ளை வெள்ளையாகக் குழாய்கள். பகல் முழுக்கக் குழாய் பதிக்கிறவன் ராத்திரிக்குக் குழாயே சமைக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன தம்பி இது?"

"பாஸ்தாங்க மாமா. கோயமுத்தூர்ல ரூம்ல இருக்கறப்பப் பழகுனதுங்க. அரை மணி நேரத்துல ஆயிருமுங்க."

அது வேகும் நேரத்துக்குள் கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாம் நறுக்கியாகிவிட்டது. கை வேகம்தான். வாணலியில் பூண்டும் வெங்காயமும் போட்டு, தக்காளி வதங்கியதும் காயைப் போட்டு, வெந்த குழாயை வடித்து, வடித்த தண்ணீரில் ஒரு கரண்டியை அதிலேயே திருப்பி ஊற்றினான். வேறொரு சின்ன வாணலியில், தனியாக, விரல் மாதிரி எதையோ வறுத்தான். கோழிக்கறி சாசேஜாம். அதைக் கையால் தொடவே இல்லை. பாக்கெட்டைக் கத்தரித்து அப்படியே கொட்டி, கரண்டியாலேயே துண்டாக்கி, என் தட்டில் மட்டும் மேலே பரப்பினான்.

"உங்களுக்கு?"

"எனக்கு அப்பறமுங்க மாமா."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். இந்தத் தை மாசக் குளிரில், ராத்திரி எட்டு மணிக்குத் தலைக்குக் குளியல்! வந்தவன் தயிர்ச்சோற்றைக் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான்.

சரி. என்னோடு உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. நான் என்ன, இவன் வீட்டுக்கு ஆசைப்பட்டா வந்தேன்? கை ஒடிஞ்சுதானே வந்தேன்.

பாஸ்தாவில் உப்பு தூக்கல். சாசேஜில் அதைவிடத் தூக்கல். தட்டைக் காலி செய்தேன் என்பது வேறு விஷயம்.

ஜனவரி 26, திங்கள்

காலையில் கீழே காலனிக்காரர்கள் கொடியேற்றினார்கள். ஓய்வுபெற்றவன் என்று என்னைக் கயிறு இழுக்கக் கூப்பிட்டார்கள். ஒற்றைக் கையால் இழுத்தேன். பூவெல்லாம் என் தலையிலேயே விழுந்தது.

சாயங்காலம் மறுபடியும் பாஸ்தா. போன தடவைக்குப் பரிகாரமோ என்னவோ, இன்று உப்பே இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, உப்பு பாத்துத்தான போடுறீங்க?"

பையன் முகம் சிவந்துவிட்டது. "அடுத்த தடவ சரியாப் போடறனுங்க மாமா" என்றான். மறுபடியும் குளியல். மறுபடியும் தயிர்ச்சோறு, பால்கனி.

ஜெஸ்ஸி போன் செய்தபோது சொன்னேன்: "உம் புருசனுக்கு ஏங்கூட ஒரு மேசையில உக்காரவே கூச்சமா இருக்கும்மா."

"அப்பா, அதெல்லாம் இல்லப்பா. நீங்க சும்மா இருங்க" என்றாள். சிரிக்கிற மாதிரிக் கேட்டது. எதற்குச் சிரிப்பு?

ஜனவரி 28, புதன்

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மனைவி ரோசலின் போன பிறகு ஐந்து வருஷமாக நானே ரசம், நானே முட்டை, நானே சாதம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று ஒன்று செய்தால் அதுவே மூன்று நாளைக்கு ஓடும். இன்னொருவர் சமைத்து, தட்டில் போட்டு, "போதுமுங்களா?" என்று கேட்டு எத்தனை காலமாயிற்று! அந்தக் கேள்விக்காகவே இன்று இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன். உப்பு இன்று சரி.

ஜனவரி 30, வெள்ளி

என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் இருந்தால் இரண்டாலும்.

இன்று மத்தியானமே பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். குளித்து, பச்சை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தோளில் ஒரு துணிப்பையோடு என் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, பழனிக்கு நடந்து போறனுங்க. ஞாயித்துக்கெழம தைப்பூசம். ரெண்டு நாளைக்குச் சாப்பாடு கீழ் வீட்டு ஆச்சி குடுத்துருவாங்க. திங்கக்கெழம வந்துருவனுங்க."

"நடந்தா? இங்க இருந்தா?"

"அம்மா வேண்டுதலுங்க. வருசா வருசம் போறதுதான். பொங்கல்ல இருந்து வெரதமுங்க."

பொங்கலில் இருந்து விரதம். அப்படியென்றால் –

"அப்ப அந்தச் சாசேஜு?"

"அது உங்களுக்குங்க மாமா. அப்பாவுக்குக் கவுச்சி இல்லாமச் சோறு எறங்காதுன்னு ஜெஸ்ஸி சொல்லுச்சுங்க. பச்சக் கறி தொட முடியாதுங்கறதுனால, அது ஒண்ணுதான் கை படாமச் செய்யலாம்னு…"

"உப்பு எப்பிடிப் பாத்தீங்க?"

"பாக்கலீங்க" என்று சிரித்தான். "மோந்து பாத்துத்தான் போட்டனுங்க. காயும் அதே கரண்டியில கெளறுறதுனால அதையும் வாயில வெக்கலீங்க."

குளியல் புரிந்தது. தயிர்ச்சோறு புரிந்தது. பால்கனி புரிந்தது. கறி வறுத்த அடுப்படியில் இருந்து விலகிப்போய்ச் சாப்பிட்டிருக்கிறான். நான் என்னை விட்டு விலகிப் போகிறான் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

"ஏன் தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் தயிர்ச்சோறு தின்னுட்டுப் போறேன்ல?"

"அதுக்குத்தானுங்க சொல்லலை. நீங்க நம்ம வீட்டுக்கு வந்ததே இப்பத்தானுங்க."

என்ன சொல்ல? பி.டி. வாத்தியாராகத் தெரிந்ததைச் சொன்னேன். "கால்ல பருத்திச் சாக்ஸ் போட்டுட்டு நடங்க. கொப்புளம் வந்தா உடைக்கக் கூடாது. உக்காந்து எந்திரிக்கும்போது கெண்டைக்காலை நல்லா நீவிவிடணும். பாத்துப் போயிட்டு வாங்க, மாப்ள."

அவர் படியிறங்கி மறையும்வரை பால்கனியில் நின்றேன்.

ஜனவரி 31, சனி

கீழ் வீட்டில் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே பாஸ்தா செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். வீம்புதான். கேரட் பிடிக்கக் கை இல்லாமல் உருண்டு ஓடியது. அதை முழங்கையால் அமுக்கினேன். சட்டியைச் சாய்த்து வடிக்க முடியவில்லை, தண்ணீர் வற்றட்டும் என்று விட்டேன். வற்றியது. கூடவே குழாயும் கரைந்து கூழாகிவிட்டது. ஜெஸ்ஸிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "வால்போஸ்டர் ஒட்டலாம்ப்பா" என்று பதில் வந்தது.

கீழ் வீட்டு ஆச்சியிடம் போய்ச் சோறு வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போய்வந்தேன். நடந்து போகிறவரின் காலுக்காக ஒரு ஜெபம் சொன்னேன். எந்தக் கோயிலுக்கு நடக்கிற கால் என்று விவரமெல்லாம் சொல்லவில்லை. மேலே இருக்கிறவருக்குத் தெரியும்.

பிப்ரவரி 2, திங்கள்

மாப்பிள்ளை வந்துவிட்டார். பஞ்சாமிர்தம், சாய்ந்த நடை, இரண்டு குதிகாலிலும் கொப்புளம். வெந்நீரில் கல்லுப்புப் போட்டு வாளியை முன்னால் தள்ளினேன். "மாமா நீங்க போயி…" என்று எழப்போனார். "உக்காருங்க" என்றேன், மைதானத்துக் குரலில். உட்கார்ந்தார்.

அந்த நிலையிலும் விரதம் முடிந்த மனிதர் கேட்டது சாசேஜ் பாஸ்தா. அவர் உட்கார்ந்தபடியே நறுக்கினார், நான் நின்றபடி கிண்டினேன். இன்றுதான் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அவர் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டும்! நூறு மீட்டர் ஓட்டக்காரன் கோட்டைத் தொடுகிற வேகம்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்: "தொப்பம்பட்டி பழனிக்குப் பக்கம்தான மாப்ள? வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்லீங்க. அம்மா போன் பேசுமுங்க. அப்பா எங்கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. நான் போய் நின்னா அவரு தோட்டத்துக்குப் போயிருவாரு. அம்மாவுக்குத்தானுங்க சங்கடம்."

கோபக்காரத் தகப்பன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் சொந்த மகள் வீட்டுக்கு எனக்கு வழி தெரிய ஒரு முட்டைக்கோஸ் இலை வேண்டியிருந்தது என்று நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

இப்போது எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. அவர் வண்டி சத்தம் கேட்டதும் நான் தண்ணீரை அடுப்பில் வைக்கிறேன். நறுக்குவது, வடிப்பது அவர். கிண்டுவது, உப்புப் பார்ப்பது நான். உப்புப் பார்க்கும் உத்தியோகத்தை அவரே எனக்குக் கொடுத்தார், கிண்டலாக.

இன்று ஒரு சேர்மானம் என் யோசனை: மிளகும் சீரகமும் தட்டிக் கடைசியில் தூவினேன். "மாமா, இது ரசத்துக்குப் போடறதுங்களே" என்றார். "தின்னு பாருங்க." தின்றார். சட்டியை வழித்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

சாயங்காலம் ஆறரை இருக்கும். அழைப்பு மணி. திறந்தால் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. என்னைப் பார்க்காமல் படிக்கட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோளைப் பிடித்தபடி ஒரு அம்மா. கண்ணாஸ்பத்திரியில் கொடுக்கிற கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு கட்டு முருங்கைக்காயும் கீரையும். இருவரையும் நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மூக்கை பத்து நாளாக எதிரில் வைத்துச் சாப்பிடுகிறேனே.

"ஆனந்து இருக்கானுங்களா?" என்றது அந்த அம்மா.

"நத்தம் பக்கம் மாந்தோப்புக்குப் போயிருக்காரும்மா. உள்ள வாங்க. நான் ஜெஸ்ஸி அப்பா."

பெரியவர் சுவரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு அந்த அம்மாதான் – மாயம்மாள் – தடவிக்கொண்டே உள்ளே வந்தது. கண்ணில் புரை பார்க்க வந்திருக்கிறார்கள். மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, காலையில் இன்னொரு சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "இவரு லாட்ஜுல தங்கிக்கலாம்னாருங். மகன் வூடு இருக்கறப்ப நான் என்னத்துக்குங் லாட்ஜுல படுக்கோணும்?"

பெரியவர் பொம்மையன் பால்கனியைப் பார்த்தார். "நான் வெளிய உக்காந்துக்கறனுங்க சார்." போய் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். சாணார்பட்டிப் பக்கம் வண்டி பஞ்சராம். "வர ஒரு மணி நேரமாவது ஆகுமுங்க மாமா. என்னுங்க விசயம்?" சொல்ல வந்தேன். சொன்னால் இந்த இருட்டில் பறந்து வருவார். அல்லது வரவே தயங்குவார். இரண்டும் வேண்டாம். "ஒண்ணுமில்ல மாப்ள. மெதுவா வாங்க" என்றேன்.

அந்த அம்மா மத்தியானம் ஒரு டீயோடு சரியாம். வீட்டில் தோசைமாவு இல்லை. ஓட்டலில் வாங்கலாமா? முதன்முதலாக வந்த சம்பந்திக்குப் பார்சலா? ரோசலின் இருந்திருந்தால் என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பாள். பிரிட்ஜைத் திறந்தேன். கேரட், பீன்ஸ், குடைமிளகாய், தக்காளி, ஒரு பாக்கெட் சாசேஜ். சரி, தெரிந்த ஆட்டத்தையே ஆடுவோம் என்று தண்ணீரை வைத்தேன்.

மாயம்மாள் அடுப்படிக்கு வந்தது. "நான் அரியறனுங்ணா." கத்தியை எடுத்துக் கேரட்டைத் தேடி, என் மாவுக்கட்டைப் பிடித்துவிட்டது. "எல்லாம் பொகையாட்டத் தெரியுதுங்." கத்தியை மெல்ல வாங்கி வைத்தேன். என்னாலும் முடியாது. இருவரும் கேரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏனுங்! இங்க வாங்!" என்று கூப்பிட்டது.

பால்கனியில் இருந்து, "என்னத்துக்கு?"

"காய் அரியோணும்."

"நானா?"

"பின்ன? அண்ணனுக்குக் கை இல்லீங். எனக்குக் கண்ணு இல்லீங். உங்குளுக்கு ரெண்டும் இருக்குதல்ல? வாங்."

வந்தார். வாழ்நாளில் அடுப்படிக்குள் நுழையாத மனிதர் என்பது அவர் கத்தியைப் பிடித்ததிலேயே தெரிந்தது. அருவாளைப் பிடிக்கிற பிடி. முதல் கேரட் இரண்டே துண்டாக விழுந்தது.

சத்தத்தை வைத்தே மாயம்மாள் கண்டுபிடித்துவிட்டது. "மாட்டுக்கு அரியறாப்லயா அரியறது? சிறுசா அரியுங்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக. அவருக்கும் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

சாசேஜ் பாக்கெட்டைக் கொடுத்தேன். "இதென்னுங்க சார், வெரலாட்ட இருக்குது?"

"கோழிக்கறிங்க. அரைச்சு, உள்ள அடைச்சு வச்சது."

"நல்லாருக்கற கோழிய என்னத்துக்குங்க இப்புடிப் பண்றாங்க?"

"எலும்பு கடிக்கச் சோம்பேறித்தனம் சம்பந்தி. வேற என்ன?"

சம்பந்தி என்ற சொல் என் வாயில் இருந்து தானாக வந்துவிட்டது. அவர் கேட்காத மாதிரி இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு சாசேஜை நாணயம் நாணயமாக, ஒரே அளவில், பள்ளிக்கூடப் பையன் கோடு போடுகிற கவனத்தோடு நறுக்கினார். மாயம்மாள் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவியது. "இதுக்குக் கண்ணு வேணாமுங்." சாசேஜும் பூண்டும் வதங்கி வீடு மணத்தது. நான் கிண்டினேன். பேச்சு மாந்தோப்பு, முருங்கைப் பூ, கண்ணாஸ்பத்திரிக் கூட்டம் என்று போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது.

மாப்பிள்ளை. இரண்டு கையிலும் கிரீஸ், தோளில் பை. அடுப்படி வாசலில் வந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். எதிரில் அவர் அப்பா, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் பாதி நறுக்கிய குடைமிளகாயோடு.

சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாயம்மாளுக்குப் பார்க்க முடியவில்லை, ஆனால் கீரை உருவுகிற கை நின்றுவிட்டது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்ல? கரண்டியை எடுத்துச் சட்டியைக் கிண்டினேன்.

பெரியவர் தலையைத் தூக்கவில்லை. குடைமிளகாயில் இன்னும் இரண்டு வெட்டு வெட்டினார். பிறகு சொன்னார்:

"கையக் கழுவிப்போட்டு வந்து, அந்தக் குழா வெந்துருச்சான்னு பாரு."

மாப்பிள்ளை கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது. கிரீஸ் போக அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் ஈரம். கரண்டியால் ஒன்றை எடுத்து ஊதிக் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நிமிசம் ஆகோணுங்ப்பா."

"ம்."

நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியவர் முதலில் ஸ்பூனோடு சண்டை போட்டார், பிறகு கையாலேயே சாப்பிட்டார். கீரை சேர்ந்ததில் இன்றைக்கு ருசியே வேறு.

"ராத்திரிக்கு இது வயித்துல நிக்குமுங்களா சார்?"

"நிக்கும்."

"அப்ப இன்னுங் கொஞ்சம் போடுங்."

மகனிடம் அதற்குப் பிறகு அவர் பேசியது ஒன்றே ஒன்று. "தண்ணி எடு." மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தார். மாயம்மாள் மட்டும் யாரும் கேட்காமலே, "நல்லாருக்குதுங், நல்லாருக்குதுங்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பாஸ்தாவைச் சொன்னதா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

அம்மாவை மாப்பிள்ளை பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் பொம்மையனும் ஷேர் ஆட்டோவில். வழியில் அவராகவே கேட்டார்:

"சார், உங்குளுக்கும் இந்தக் கல்யாணம் புடிக்கலேன்னு கேள்விப்பட்டனுங்க."

"ஆமா."

"இப்பங்?"

"இப்பத்தான் கை ஒடிஞ்சு போச்சுங்களே."

அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் பழனி பஸ் ஏற்றிவிட்டோம். மகனிடம் "வாரேன்" என்று சொல்லவில்லை. ஆனால் பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் இடம் மாறி உட்கார்ந்தார்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன், எங்கள் தவக்காலத் தொடக்கம். ஈஸ்டர் வரைக்கும் எனக்குக் கவுச்சி இல்லை. மாப்பிள்ளை தன் தட்டிலும் சாசேஜ் போட மாட்டேன் என்கிறார். "நீங்க தின்னுங்க" என்றால், "எனக்கென்னமோ எறங்கலீங்க மாமா" என்கிறார். பொய்.

மார்ச் 1, ஞாயிறு

ஜெஸ்ஸி வந்துவிட்டாள். பையைக்கூட இறக்கவில்லை. அடுப்படியில் நானும் அவள் புருஷனும் பூண்டு முழுசாகவா தட்டியா என்று சண்டை போடுவதைப் பார்த்தாள்.

"நான் வேணும்னா இன்னும் ஆறு வாரம் போயிட்டு வரட்டா?" என்றாள்.

மார்ச் 4, புதன்

கட்டு பிரித்தார்கள். கை மெலிந்து வெளுத்து, யாருடைய கையோ போல இருக்கிறது. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பழகச் சொன்னார்கள். நாகல் நகருக்கே திரும்பிவிட்டேன். இருவரும் இருக்கச் சொன்னார்கள். என் வீடு எனக்கு வேண்டும். என் ஜன்னல், என் ரசம். ஆனால் புதன்கிழமை தவறாமல் சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஜெஸ்ஸி பேங்க்கில் இருந்து லேட்டாக வருகிற நாள் அது. அடுப்படி எங்களுக்கு.

ஏப்ரல் 8, புதன்

ஈஸ்டர் முடிந்து மூன்று நாள். இதைத் தொப்பம்பட்டியில், பொம்மையன் சம்பந்தியின் தோட்டத்தில், மோட்டார் அறைத் திண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாய்கிற வெயில். முருங்கை மரம் பூராவும் பூ.

திங்கட்கிழமை மாயம்மாள் போன் செய்தது. கண் அறுவை முடிந்து நன்றாகத் தெரிகிறதாம். பிறகு சாதாரணமாகச் சொன்னது: "ஏனுங்ணா, அந்தக் குழா ஒட்டன்சத்திரத்துல கேட்டா முழிக்கறாங்க. நீங்க வாரப்ப ரெண்டு பாக்கெட் வாங்கியாந்துருங்."

நான் வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. யாரும் என்னை வரச் சொல்லவும் இல்லை. ஆனால் "வாரப்ப" என்று ஒருவர் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லிவிட்டால் அப்புறம் வராமல் எப்படி இருப்பது? பாஸ்தா, சாசேஜ், ஐஸ் வைத்த டப்பா சகிதம் காலையில் பஸ் ஏறிவிட்டேன். புதன்கிழமை என்பதே மறந்துபோயிற்று.

ஐந்து மணி வாக்கில் மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, இன்னிக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுதுன்னு உங்களக் கூட்டியாரப் போனனுங்க. வூடு பூட்டியிருக்குதே. எங்க இருக்கீங்க?"

"உங்க வீட்டுலதான் மாப்ள."

"இல்லீங்களே, சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது…"

"அந்த வீடு இல்ல. உங்கப்பா வீடு."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன். வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த பொம்மையன் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் கேட்காமலே போனை வாங்கினார்.

"சனிக்கெழம ரெண்டு பேரும் வந்துருங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அங்க மழை உண்டா?" என்றார்.

அவ்வளவுதான் பேசுவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. பேசிக்கொண்டே வரப்பில் நடக்கத் தொடங்கிவிட்டார். மழை, முருங்கை விலை, கிணற்று மோட்டார், கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து, மறுபடியும் மழை. அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்புகிறார். போனில் சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது. தீரட்டும்.